ஆண்டியப்பன் அண்ணேயோட பச்சைக் கோடு

அந்தக் கொம்பியூட்டருக்குக் "கங்காணி"ன்னு பேரு வச்சது நான் இல்ல, மெக்கானிக் விஜிதரன். ஆனா அந்தக் கங்காணிக்குக் கையும் காலுமா இருந்தது நாந்தான். அதனால இத நான்தான் சொல்லணும். மத்தவனுங்க வாயத் தொறக்க மாட்டானுங்க. கேட்டா "அத விடு ராணி"ம்பானுங்க. எத்தன வருசந்தான் விடுறது? எனக்கே சலிச்சுப் போச்சு.

எங்க கராஜ் ஹட்டன்ல, டிக்கோயா ரோட்டுல இருக்கு. தேயிலத் தோட்டத்து லொறி, ட்ரக்டர், பஸ் எல்லாம் வரும். பதினாலு மெக்கானிக். நான் ஜொப்கார்டு எழுதுற புள்ள. என்னா பழுது, யாரு செய்யிறது, எத்தன மணித்தியாலம்னு ஒரு அட்டையில எழுதி வண்டிக் கண்ணாடியில சொருகுறதுதான் என் வேல. ரெண்டாயிரத்து ஆறுல பழைய மொதலாளி கராஜக் கொழும்புக் கம்பெனி ஒன்னுக்கு வித்துட்டாரு. வாங்குன கையோட அவங்க மூனு கொம்பியூட்டரும் ஒரு புரோகிராமும் அனுப்புனாங்க. கூடவே அதச் சொல்லிக் குடுக்க ஜெயதீபன்னு ஒருத்தரையும் அனுப்புனாங்க. யாழ்ப்பாணத்து ஆளு, மெலிஞ்ச ஆளு, எந்நேரமும் தூக்கம் பத்தாத மொகம்.

மூனு நாளு மேல் மாடியில எங்கள ஒக்கார வச்சு மாற்றம், மாற்றம்னு பேசுனாரு. பலகையில மூனு வட்டம் போட்டாரு. "மாற்றத்தை ஏற்கிறவை, யோசிக்கிறவை, எதிர்க்கிறவை. நீங்கள் எந்த வட்டம் எண்டு சொல்லுங்கோ, ஒருத்தரும் ஏச மாட்டினம்." அத்தன பேரும் மொத வட்டம்னு கையத் தூக்கிட்டானுங்க. தோட்டத்துல பொறந்தவனுங்க, தொரை கேட்டா கை தானா மேல போயிரும். மனுசன் பாவம், நெசம்னு நம்பி எழுதிக்கிட்டாரு.

அன்னைக்கு ஒரே ஒரு ஆளுதான் கேள்வி கேட்டாரு. அவருதான் ஆண்டியப்பன் அண்ணே.

"ஒடம்பு முடியாதவனுக்கு இதுல என்னா போடுவீங்க தம்பி?"

"லீவு எண்டு போடுவம் அண்ணை."

"லீவும் போட முடியாது, வேலையும் செய்ய முடியாதுன்னா?"

ஜெயதீபன் சிரிச்சாரு. "அப்பிடி ஒரு நிலை புரோகிராமிலை இல்லை அண்ணை." எல்லாரும் சிரிச்சோம். அண்ணேயும் சிரிச்சாரு.

ஆண்டியப்பன் அண்ணேக்கு அப்ப நாப்பத்தாறு வயசு. இருபத்திரெண்டு வருசமா பிரேக் வேல. நானும் அவரும் றொசல்லப் பக்கம் ஒரே தோட்டம். நான் மேல மேக்கணக்கு லயத்து வீடு, அவரு கீழ பீக்கணக்கு லயத்து வீடு, காலையில ஒரே ரயில்ல வருவோம். ரயில் லேட்டானா ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கேக்கிற மாதிரியே திட்டுவாரு. சட்டப் பையில சீப்பு வச்சிருப்பாரு, சீவுறதுக்குத்தான் முடி இல்ல. அவரு பிரேக் கட்டுன லொறி கராஜ விட்டு எறங்குறப்ப டிரைவர் பக்கத்துல ஏறி ஒக்காந்து டிக்கோயா எறக்கத்துல கீழ வரைக்கும் போய்ட்டு, நடந்து திரும்பி வருவாரு. "நான் கட்டுன பிரேக்க நம்பி நானே ஏறாட்டி, அடுத்தவன் எப்படி ஏறுவான்?"ம்பாரு. மழ பேஞ்சாலும் போவாரு. சம்சாரம் மீனம்மா கொழுந்து எடுக்குறாங்க. ஒரே புள்ள ஷாமிலா. அந்த லயத்துல ஏ எல், உயர்தரப் படிப்பு வரைக்கும் போன மொத புள்ள அவதான். ரெண்டாயிரத்து ஏழு ஆகஸ்டுல பரீட்ச. அந்தப் பரீட்சையப் பத்தி அவரு ரயில்ல பேசுன பேச்சக் கேட்டு எனக்கே வரலாறு பாதி பாடமாயிருச்சு.

கங்காணி எப்படி வேல செஞ்சிச்சுன்னு சொல்லணும். காலையில ஏழரைக்குப் பெரட்டு. தோட்டத்துக் கங்காணி ஆளுகள வரிசையா நிக்க வச்சு வேல பிரிச்சுக் குடுக்கிற மாதிரி, இங்க கொம்பியூட்டர் பிரிச்சுக் குடுக்கும். ஒவ்வொரு வேலைக்கும் இத்தன மணித்தியாலம்னு அதுவே வச்சிருக்கும். வேல முடிஞ்சதும் மெக்கானிக் கார்ட என் ஜன்னல்ல குடுப்பான், நான் அவன் பேருல ஏத்துவேன். பேருக்கு நேரா ஒரு கோடு ஓடும். ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் வந்தா பச்ச, கொறஞ்சா மஞ்ச, இன்னும் கொறஞ்சா செகப்பு. வெள்ளிக்கெழம அதப் பிரிண்ட் எடுத்துத் தேத்தண்ணி மேசைக்கு மேல ஒட்டணும். நாலு மாசத்துக்கு ஒருக்காக் கணக்கப் பூட்டுவாங்க. அப்ப கடைசியா நிக்கிற பேரு வீட்டுக்கு. இத ஜெயதீபன் சொல்லல, பின்னாடி கொழும்புல இருந்து கடிதமா வந்திச்சு.

தைப்பொங்கல் முடிஞ்ச அடுத்த வாரம் ஆண்டியப்பன் அண்ணேக்கு வாதம் அடிச்சிருச்சு. ரெண்டு கெழம ஆஸ்பத்திரி. திரும்பி வந்தப்ப கால் சரி, வாயும் சரி, வலது கை மட்டும் சொன்ன பேச்சுக் கேக்கல. ஸ்பேனரப் புடிச்சா ஒரு நிமிசத்துல நழுவிக் கீழ விழும். அந்தச் சத்தம் கேட்டா கராஜே ஒரு நொடி நிக்கும், அப்புறம் எல்லாரும் சத்தமாப் பேச ஆரம்பிப்பானுங்க.

"நரம்பு கொஞ்சம் தூங்குது ராணி. எந்திரிச்சிரும்," அப்படின்னாரு.

இடது கையால மண்ணெண்ணெயில சாமான் கழுவுனாரு, நட்டு போல்ட்டுப் பிரிச்சு வச்சாரு, மத்தவங்க கட்டுன லொறியிலயும் ஏறி எறக்கம் வரைக்கும் போய் வந்தாரு. போர்மன் குணதாச பாஸ் எல்லாத்தையும் பாத்தாரு. பாத்துட்டுக் கண்ணாடியக் கழட்டிச் சட்டையில தொடச்சுக்கிட்டே, "மட்ட பேன்னே நே"ன்னாரு. தனக்குக் கண்ணு தெரியலயாம். நல்ல மனுசன்.

அந்த வாரமே விஜிதரன் என் ஜன்னலுக்கு வந்தான். போன வருசந்தான் கல்யாணம் முடிச்ச பையன், சம்சாரம் மாசமா இருந்திச்சு. ஒரு கார்ட நீட்டி, "இத ஆண்டியப்பன் அண்ணே பேருல போடு ராணிக்கா"ன்னான். "யாருக்கும் தெரிய வேணாம். அண்ணேக்கும் தெரிய வேணாம்."

நான் ஏன்னு கேக்கல. மலையில கேக்க மாட்டோம். கூடையில கிலோ கொறஞ்சா அன்னைக்கு அரைப்பேருதான், அரை நாள் கூலி. அதனால வயித்துப் புள்ளக்காரிக்கும் காச்சக்காரிக்கும் பக்கத்து நெரையில நிக்கிறவ ரெண்டு புடி கொழுந்த அள்ளிப் போட்டு விட்டுருவா. எங்கம்மா என்னைய வயித்துல வச்சிருந்தப்ப மூனு மாசம் முழுப்பேரு வாங்குனது அப்படித்தான். போட்டவளும் சொல்ல மாட்டா, வாங்குனவளும் கேக்க மாட்டா. நான் அந்தக் கார்ட ஏத்துனேன்.

ரெண்டு நாள் கழிச்சுப் பழனியாண்டி வந்தான். அதே பேச்சு, அதே "யாருக்கும் சொல்லாத". அப்புறம் செந்தூரன். அப்புறம் நல்லமுத்து. அப்புறம் வெல்டிங் செய்யிற சின்னத்தம்பி, பிரேக்குக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்ல, அவனும் வந்தான். ஒருத்தன் குடுக்கிறது ஒருத்தனுக்குத் தெரியாது. ஒவ்வொருத்தனும் தான் மட்டுந்தான் தூக்கி விடுறோம்னு நெனச்சுக்கிட்டிருந்தான். எல்லாம் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்.

தெரிஞ்சும் கூட்டிப் பாக்கல பாருங்க, அதத்தான் என்னால மன்னிக்க முடியல. அண்ணேயோட கோடு செகப்புலருந்து மஞ்சளுக்கு வந்திச்சு, மஞ்சள்லருந்து பச்சைக்கு வந்திச்சு, எனக்கு ஒரே சந்தோசம். ஆகஸ்டு வரைக்கும் தள்ளிரலாம், ஷாமிலா பரீட்ச எழுதிரட்டும்னு நெனச்சேன். பச்ச நீள நீள நல்லதுன்னும் நெனச்சேன். தோட்டத்துல தராசு போதுமா போதாதான்னு மட்டுந்தான் பாக்கும். அதுக்கு மேல இருந்தா யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க. கடிதம் வந்தும், ஒருத்தர் மேல ஏறுனா இன்னொருத்தன் கடைசிக்கு எறங்குவான்னு, இந்தக் கங்காணி ஆளுக்கு ஆள் ஒப்பிட்டுப் பாக்குற சனியன்னு என் புத்திக்கு எட்டல.

வெள்ளிக்கெழம தோறும் அண்ணே ஜன்னலுக்கு வருவாரு. "எனக்கும் அந்தத் தாள்ல ஒரு கொப்பி குடு தங்கச்சி." எதுக்குன்னு ஒரு நாள் கேட்டேன். "ஷாமிலாவுக்குக் காட்டத்தான். அப்பாவுக்கு வேல போயிரும், படிப்ப விட்டுட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போறேன்னு அழுதுகிட்டுக் கெடந்தா. இதக் காட்டுனேன். கையி ஒன்னா ரெண்டான்னு கொம்பியூட்டருக்குத் தெரியாது புள்ள, அது வேலயத்தான் பாக்கும்னு சொன்னேன். இப்ப அழுகுறது இல்ல. எல்லாத்தையும் வரலாறு கொப்பிக்குள்ள ஒட்டி வச்சிருக்கா."

அவரு நெசமாவே நம்பிட்டாரு. கழுவுறது, பிரிச்சு வக்கிறது எல்லாத்துக்கும் கங்காணி மணித்தியாலம் போடுதுன்னு நம்பிட்டாரு.  அது பொய்யின்னு தெரிஞ்சும் கொப்பி எடுத்துக் குடுத்தேன்.

ஏப்ரல் கடைசி நாளு ஜெயதீபன் வந்தாரு. கையில ஒரு பெரிய பார்சலும் ஒரு கவரும். தேத்தண்ணி, கேக், ரோல்ஸ் எல்லாம் வாங்கியாரச் சொன்னாரு. எல்லாரையும் கூட்டி நிக்க வச்சுப் பார்சலப் பிரிச்சாரு. கண்ணாடி போட்ட சட்டம், உள்ள தங்க எழுத்து. நாலு மாசத்துல கம்பெனியோட ஆறு கராஜ்லயும் மொதலாவது மெக்கானிக், ஆண்டியப்பன்.

யாரும் கை தட்டல. கார்டு குடுத்த அஞ்சு பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்தானுங்க. குடுத்தது தான் மட்டும் இல்லன்னு அப்பத்தான் அவனுங்களுக்கே வெளங்கிச்சு. குணதாச பாஸ்தான் மொதல்ல தட்டுனாரு, அப்புறம் எல்லாரும் தட்டுனோம்.

அண்ணே சட்டத்த இடது கையால நெஞ்சோட அணச்சுக்கிட்டு என் பக்கம் திரும்பிச் சிரிச்சாரு. "பாத்தியா ராணி! ஒத்தக் கையாலயே மொதலாவது!"

நான் செத்துட்டேன். வேற எப்படிச் சொல்றது?

கேக் வெட்டி முடிஞ்சதும் ஜெயதீபன் விஜிதரன ஒரு பக்கமாக் கூட்டிட்டுப் போயி அந்தக் கவரக் குடுத்தாரு. பதினாலு பேருல கடைசி அவன்தான். அதிகமா அள்ளிக் குடுத்தவன் அவன்தானே. மே மாசம் முடிஞ்சதும் வேல இல்ல. அவன் படிச்சான், நாலா மடிச்சான், பையில வச்சான், வந்து ஒரு ரோல்ஸ எடுத்துத் தின்னான். 

"திருத்தம் ஏதும் இருந்தால் வெசாக் லீவு முடிஞ்சு வியாழக்கிழமை பத்து மணிக்கு முன்னம் போடுங்கோ பிள்ளை," ஜெயதீபன் என்கிட்ட சொன்னாரு. "பிறகு கணக்குப் பூட்டுப்பட்டிடும், என்னாலையும் திறக்கேலாது."

சாயந்தரம் ரயிலுக்குக் கெளம்புறப்ப அண்ணே ஜன்னல்ல நின்னாரு. சட்டம் கக்கத்துல இருந்திச்சு. சிரிப்பு இல்ல.

"விஜி கடைசியாமே? எப்படி? போன வாரம் அந்தக் கொழுந்து லொறிக்கு டிரம்மக் கழட்டி மாட்டுனது அவன். நான் பக்கத்துல நின்னு தண்ணி ஊத்துனேன். அது எங்க போச்சு ராணி?"

நான் கீழ குனிஞ்சுக்கிட்டேன். அவரு ரொம்ப நேரம் நின்னாரு. அந்த நேரத்துல அவருக்கு எல்லாம் வெளங்கிருச்சு.

"நாளைக்கு லீவு. பாஸ்கிட்ட சாவி வாங்கி வைய்யி," அப்படின்னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு. அன்னைக்கு ரயில்ல வேற பெட்டியில ஏறிக்கிட்டாரு.

மறுநாள் வெசாக், புத்தரோட திருநாள். ஊரு பூராக் காகிதக் கூடு கட்டி வெளக்கேத்தி, கொடி கட்டி, ரோட்டோரம் தன்சல் போட்டு வாறவங்க போறவங்களுக்குக் கடலையும் தேத்தண்ணியும் சும்மா குடுத்துக்கிட்டு இருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் பூட்டுன கராஜுக்குள்ள. நாலு மாசத்துக் கார்டுப் பெட்டிய மேசையில கொட்டுனேன். அவரு பேருல நூத்தி நாப்பத்தி மூனு கார்டு.

மொதக் கார்டப் பாத்ததும் வெடிச்சிட்டாரு. "எனக்குப் பிச்ச போட்டீங்களாடி எல்லாரும் சேந்து? என்னைய ஒரு வார்த்த கேட்டியா நீ? எம்புள்ளகிட்ட என்னா சொல்லி வச்சிருக்கேன் தெரியுமா?"

நான் அழுதேன். "தோட்டத்துல போடுறதுதானே அண்ணே"ன்னு சொன்னேன்.

"கூடையில போட்டா கூடைக்காரிக்குக் கனம் தெரியும். வெளிய தன்சல்ல குடுக்கிறான், நானே வரிசையில நின்னு கை நீட்டி வாங்குவேன், அதுல ஒன்னும் இல்ல. நீங்க எனக்கே தெரியாம என் பையில போட்டுட்டீங்களே."

அப்புறம் மூக்கச் சிந்திட்டு, "சரி, எடு"ன்னாரு.

லொறி நம்பர நான் வாசிக்க வாசிக்க, யாரு செஞ்சதுன்னு அவரு சொன்னாரு. ஒன்னுகூட மறக்கல. விஜி. விஜி. பழனியாண்டி. விஜி. செந்தூரன். சின்னத்தம்பி பேரு வந்தப்ப மட்டும் நிமிந்து, "அந்த வெல்டிங்காரனுமா?"ன்னாரு. சிரிக்கப் பாத்தாரு, முடியல. நான் ஒவ்வொன்னா அவங்க அவங்க பேருக்கு மாத்துனேன். மாத்த மாத்த அவரோட பச்ச சுருங்கிச்சு. மத்தியானத்துக்கு முன்னாடி மஞ்ச. ரெண்டு மணிக்குச் செகப்பு. அவரு திரையப் பாக்கவே இல்ல.

கடைசியில அவரு பேருல பதினேழு துண்டுக் கணக்கு நின்னிச்சு. கார்டு இல்லாதது. வண்டி நம்பர் மட்டும், ஒவ்வொன்னுக்கும் கால் மணித்தியாலம், அர மணித்தியாலம்.

"இது யாரு போட்டது?"

"நான்தான் அண்ணே."

"நீயுமா தங்கச்சி?"

"இது யாரோடதும் இல்லண்ணே. நீங்க லொறியில ஏறி எறக்கத்துல போய் வாறீங்கல்ல, அது. அதுக்குக் கார்டு கெடையாது, அதான் நானா ஏத்துனேன்."

அவரு வலது கையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாரு.  வெளிய யாரோ சிங்களத்துல தேத்தண்ணி குடிக்க வாங்கன்னு கூவிக்கிட்டு இருந்தாங்க.

"இது வேலையா ராணி?"

"வேலதாண்ணே."

"அப்ப இது இருக்கட்டுமா?"

அந்த மனுசன் என்கிட்ட அப்படிக் கேட்டது இன்னைக்கும் என் காதுல இருக்கு. "இருக்கட்டும்ணே"ன்னேன். அந்தத் தாளப் பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். அவரு பேரு கடைசியில, செகப்புல, சுண்டு வெரல் நீளம். வெள்ளிக்கெழம மடிக்கிற மாதிரியே மடிச்சுச் சீப்புக்குப் பின்னாடி வச்சுக்கிட்டாரு. சட்டத்த மேசையிலயே விட்டுட்டாரு. பாஸ் பின்னாடி அதுல எண்ணெய் வெலப் பட்டியல மாட்டுனாரு.

வியாழக்கெழம ஜெயதீபன் திரையப் பாத்துட்டு ரொம்ப நேரம் நெத்தியத் தேச்சுக்கிட்டு இருந்தாரு. மொதல்ல கோவம் வந்திச்சு. "நாலு மாதமாப் பொய்க் கணக்கோ பிள்ளை?" அப்புறம் ஆண்டியப்பன் அண்ணேயக் கூப்புட்டு ஒக்கார வச்சுப் பேசுனாரு. லொறியில ஏறிப் பாக்குற வேலைக்கு ஒரு ஆளு தேவன்னு கொழும்புக்கு எழுதவும் எழுதுனாரு, பொய் சொல்லக்கூடாது. அப்படி ஒரு பிரிவே இல்லன்னு ரெண்டு வரியில பதில் வந்திச்சு. "அதுக்கு ஒரு இடம் இதிலை இல்லை, அண்ணை," அப்படின்னப்ப அவரு கொரல் சரியில்ல. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் குடுத்தாங்க. விஜிதரனோட கடிதம் திரும்பிப் போச்சு. அண்ணே பேருல வேற கடிதம் வந்திச்சு.

விஜிதரன் ஒரு மாசம் என்கூடப் பேசல. "நான் எளவட்டம், எங்கயாச்சும் போய்ப் பொழச்சிருப்பேன். உன்னைய யாருக்கா அவரு சொன்னதக் கேக்கச் சொன்னது?"ன்னு ஒரு நாள் கத்துனான்.  

ஷாமிலா பரீட்ச எழுதுனா. மீனம்மாக்கா ஞாயித்துக்கெழமயும் மலைக்குப் போனாங்க, அண்ணே ஹட்டன் சந்தைக்கிட்ட ஒரு மரக்கறிக் கடையில இடது கையால தராசு புடிச்சாரு. மொத தடவ ஷாமிலா ஒரு பாடத்துல கோட்ட விட்டா, அடுத்த வருசம் திரும்ப எழுதிப் பாஸ் பண்ணுனா. பெரிய சந்தோசம்னு சொல்ல முடியாது, எல்லாரும் களச்சுப் போயிருந்தோம். பாஸான அன்னைக்கு அண்ணே எனக்கு ஒரு கிலோ லீக்ஸ் குடுத்து விட்டாரு. கராஜுப் பக்கம் மட்டும் அவரு வந்ததே இல்ல.

நான் இன்னமும் அதே ஜன்னல்லதான். அண்ணே பேரக் கங்காணி அழிக்க விடாது, பழைய வேல ஏதாச்சும் அந்தப் பேருல தொங்கிக்கிட்டு இருந்தா அழியாதாம். அவரு பேருல அந்தப் பதினேழு துண்டு இருக்கு. இங்கிலீசு எழுத்து வரிசையில அவரு பேருதான் மொதல்ல வரும். தெனம் காலையில ஏழரைக்குப் பெரட்டுத் தொறந்தா, இந்த வேல யாருக்குன்னு அது கேக்கும், ஆண்டியப்பன்னு அதுவே காட்டி நிக்கும். நான் கீழ போற பட்டன அமுத்தி அவரத் தாண்டிட்டுத்தான் அடுத்தவனுக்கு வேல குடுக்கிறேன்.